மழுங்கிய கத்தி பற்றி அத்தானுக்கு ஒரு புகார்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. உங்கள் நலத்தை அறிய ஆவல் என்பது உண்மை. என் பக்கத்தை எழுதத்தான் மனசு வரவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பேனா சரியில்லை. அக்காவிடம் இதை வாசித்துக் காட்ட வேண்டாம், அழுவாள். விஷயம் இதுதான்: நான் சலூன் திறந்த அன்று உங்கள் கையால் கொடுத்தீர்களே சவரக்கத்தி, அது மழுங்கிவிட்டது. உறவு வேறு, தொழில் வேறு. புகாராகவே எழுதுகிறேன்.

கத்தியைத் தீட்டியதும் கட்டைவிரல் நுனியில் மெல்ல வைத்துப் பார், சுருக்கென்று இருந்தால்தான் ஒருத்தர் கன்னத்தில் வைக்கலாம் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள். அப்படித்தான் பார்க்கிறேன். கொஞ்ச நாளாக ஈரச் சோப்பைத் தடவின மாதிரிதான் இருக்கிறது. தீட்டினேன், மறுபடி தீட்டினேன், சாணைக்கல்லை மாற்றினேன், கல் விற்றவனிடம் போய், "கல்லா கொடுத்தே, எவன் வீட்டுச் சுவத்துலேர்ந்தோ செங்கல்லை உருவிக் கொடுத்தியா?" என்று சண்டை போட்டேன், அவன் கத்தியை வாங்கி ஒரு தாளை வெட்டிக் காட்டினான், தாள் சத்தமே இல்லாமல் இரண்டாகிவிட்டது, "தாளை வெட்டி என்னய்யா பிரயோஜனம், தாடியை வெட்டணுமே" என்று அவனைத் திட்டிவிட்டுத் திரும்பி வந்து இன்னும் தீட்டினேன். அதன் பலன், நம் பழைய வாடிக்கையாளர் கணக்கு வாத்தியாரின் காது மடல். கன்னத்தில் ஆரம்பித்த கத்தி அங்கே எப்படிப் போனது என்று எனக்கே தெரியவில்லை. துண்டு சிவந்துவிட்டது. அவர் கண்ணாடியைப் பார்த்து, "காது கணக்குல இல்லையேப்பா, சவரம் மட்டும்தானே கேட்டேன்" என்றார். நல்ல மனுஷன். மழுங்கின கத்தி வழுக்கத்தான் செய்யும் என்று பழியை உங்கள் மேல் போட்டு அனுப்பிவைத்தேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. டீ தம்ளர் கையிலிருந்து தானாக நழுவிப் போகிறது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. தூக்கத்தில் விரலெல்லாம் மரத்து எரிய, எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிறேன். உதறினால் கொஞ்சம் தேவலை. "கையில பூச்சி ஏதும் ஊறுதா?" என்று உங்கள் தங்கச்சி, அதாவது என் வீட்டுக்காரி, பாயை உதறினாள். அப்புறம் ஒருநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், நான் கத்தியை விரலில் வைத்துப் பார்ப்பதைக் கண்டு அலறிவிட்டாள். கட்டைவிரல் முழுக்க வெட்டு, ரத்தம் மணிக்கட்டு வரை வழிகிறது, நானோ விசிலடித்துக்கொண்டிருக்கிறேன். "கத்தி மழுங்கலைங்க, உங்க விரல்தான் மழுங்கிப்போச்சு!" என்று அவள் கத்தினாள். அவளே என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள், அத்தான்.

டாக்டரும் அவள் கட்சி. எந்தெந்த விரல் என்று கேட்டார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி. சுண்டுவிரல் மட்டும் சௌக்கியம். "சுண்டுவிரலுக்குப் போற நரம்பு வேற, அது நசுங்குனா முழங்கையிலதான் பெரும்பாலும் நசுங்கும். உங்களுக்கு மணிக்கட்டுல நசுங்குது" என்றார். புறங்கை இரண்டையும் ஒட்டி மணிக்கட்டை மடக்கி வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் விரல்களில் ஜிவ்வென்று ஏறியது. மணிக்கட்டில் தட்டினார், நடுவிரல் வரை கரண்ட் அடித்தது. சீக்கிரம் வந்திருந்தால், தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் ஒரு பட்டை, மிஞ்சினால் ஓர் ஊசி, அதுவே போதுமாக இருந்திருக்குமாம். கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிற மேட்டை அழுத்திப் பார்த்தார். மேடு எங்கே இருக்கிறது, பள்ளம்தான். "சதை கரைய ஆரம்பிச்சாச்சு. நரம்பை அழுத்துற நாரை வெட்டி விடணும்" என்றார். "வெட்டினா விரல் திரும்பிடுமா?" என்றேன். "இருக்கிறதைக் காப்பாத்தலாம். போனது வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். ஊர்க் கழுத்திலெல்லாம் கத்தி வைத்துச் சாப்பிட்டவன் நான், என் கையில் இன்னொருத்தர் கத்தி வைப்பதா? "உங்க கத்தியை யாரு தீட்டுறாங்க? உங்க கட்டைவிரல் நல்லா இருக்கா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது கடைக்கு வாத்தியார் மட்டும்தான் வருகிறார். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போகிறார், சவரம் கேட்பதில்லை. தாடி கழுத்தை மறைத்துவிட்டது. "வேற கடைக்குப் போங்க சார்" என்றால், "ஏன், தாடி எனக்கு நல்லாத்தானே இருக்கு?" என்கிறார். நல்லாவே இல்லை, அத்தான், தேய்ந்த துடைப்பம் மாதிரி இருக்கிறது.

ஆகவே என் முடிவு: அறுவை சிகிச்சை கிடையாது. குற்றம் கத்தியின் மேல்தான். அதை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன், உங்கள் விரலில் வைத்துப் பார்த்து ஒரு வரி எழுதுங்கள். அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். உங்கள் பத்து விரலும் நூறு வருஷம் உணர்ச்சியோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: பார்சல் வராது. கத்தியைத் தாளில் சுற்றும்போது விரல் வெட்டுப்பட்டுத் தாள் சிவந்திருக்கிறது, அது தெரியாமல் நான் நூலைத் தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கச்சி வந்து கத்தியைப் பிடுங்கினாள். விரலுக்குத் துணி கட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். வெட்டச் சம்மதம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். கத்தி நன்றாகத்தான் இருக்கிறது, அத்தான், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் ஒரு நடை வந்து வாத்தியாருக்குச் சவரம் செய்துவிட்டுப் போங்கள். கத்தி என்னிடமே இருக்கட்டும். தையல் பிரித்துப் புண் ஆறியதும் கட்டைவிரலை அதில்தான் வைத்துப் பார்க்கப் போகிறேன். சுருக்கென்று வலித்தால் அன்றைக்கே உங்களுக்கு எழுதுகிறேன். கடிதம் வராவிட்டால், ஏன் என்று கேட்டு எழுத வேண்டாம்.