மன்னிப்பு ஒத்திகை

தவறு நடந்தால் விசாரணை ஆணையம் அமைப்பது நாகரிகமான அரசுக்கு அழகு. அந்த ஆணையத்துக்குக் கால நீட்டிப்பு கொடுப்பது அதைவிட நாகரிகமான அரசுக்கு அழகு. நம் கதை நடக்கும் நாடு மிக மிக நாகரிகமானது. அங்கே ரத்த மருந்து விசாரணை ஆணையத்துக்கு எத்தனை முறை நீட்டிப்பு கொடுத்தார்கள் என்று கண்டுபிடிக்கவே தனியாக ஓர் ஆணையம் வைக்கலாம்.

விஷயம் இதுதான். சிலருக்குப் பிறவியிலேயே ரத்தம் லேசில் உறையாது. அப்படிப்பட்டவர்களுக்காக, ஆயிரக்கணக்கான பேருடைய ரத்தத்தை ஒன்றாகக் கொட்டி, அதிலிருந்து ஒரு தூள் எடுத்து, ஊசியில் ஏற்றினார்கள். கொட்டிய ரத்தத்தில் நோய் இருந்தது. அதனால் தூளிலும் இருந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் வந்து சேர்ந்தது. பாதிப் பேர் செத்தார்கள். மீதிப் பேர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?

ஆணையம் இதைத் தீர விசாரித்தது. எல்லா அதிகாரிகளும் வந்து தங்களுக்குத் தெரியாது என்றார்கள். தெரிந்தவர் யார் என்பது தெரியவரவில்லை என்று ஆணையம் தெரிவித்தது. இருந்தாலும் யாராவது மன்னிப்புக் கேட்டுவிடுவது நல்லது என்று பரிந்துரை செய்துவிட்டு, அடுத்த நீட்டிப்புக்கு மனுப் போட்டது.

நல்லவேளையாக அந்தச் சமயம் மன்னிப்புக் கேட்பது நாட்டில் ஃபேஷனாக இருந்தது. பால் கம்பெனி தண்ணீர் கலந்ததற்கு, பின்னணியில் புல்லாங்குழல் ஒலிக்க, மன்னிப்புக் கேட்டிருந்தது. விமானக் கம்பெனி ஒன்று விமானம் தாமதமானதற்கு அழுதே காட்டியது. அந்த மாதம் அதற்கு டிக்கெட் விற்பனை எகிறியது. சுகாதார இலாகா மட்டும் பின்தங்கலாமா? உடனே மன்னிப்புப் பிரிவு என்று ஒன்று தொடங்கி, பால் கம்பெனிக்கும் விமானக் கம்பெனிக்கும் சொல்லிக் கொடுத்த அதே பயிற்சியாளர் அம்மையாரை வரவழைத்தார்கள்.

மன்னிப்புக் கேட்கும் விழாவின் அழைப்பிதழில் போட இலாகா இயக்குநரின் படம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டார்கள்.

ஸ்டுடியோக்காரர் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அந்தத் தொழிலுக்கு அவர் ஆசைப்பட்டு வரவில்லை. அவருக்கும் அவர் தம்பிக்கும் பிறவியிலேயே அந்த ரத்த வியாதி. கத்தி, ஆணி, ஊசி எதுவும் கிட்டே வராத தொழிலாக இருக்கட்டும் என்று அப்பா வைத்துக் கொடுத்தார். பாஸ்போர்ட் படங்களைக் கத்தரிக்கிற வேலைகூட மனைவியுடையது. ஆக, வெளியிலிருந்து ஒரு கீறல் விழாமல் இருவரையும் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். எமன் மருந்துக் குப்பியில் வந்தான். தம்பி போய்ச் சேர்ந்தான். அண்ணனுக்குக் கல்லீரல் பாதி போயிருந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். சாவதற்குள் அந்த இலாகாவிலிருந்து ஒரு மனிதர், நாலு பேர் முன்னால், மைக்கில், "தெரிஞ்சேதான் குடுத்தோம்" என்று சொல்லிக் கேட்க வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை.

இயக்குநர் அறையில் விளக்கை வைத்துவிட்டு ஸ்டுடியோக்காரர் கேமராவுக்குள் பார்த்தார். இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் வருத்தமா..."

"வருத்தமாத்தானே இருக்கேன்?"

"பல்லு தெரியுது சார்."

இயக்குநர் பல்லை மூடினார். கன்னம் சிரித்தது. பாவம், அவர் மேல் தப்பில்லை. சர்வீஸ் முழுக்க ரிப்பன் வெட்டியவர். கேமராவைக் கண்டால் முகம் தானாக மலர்ந்துவிடும்.

"தாடையைக் கொஞ்சம் இறக்குங்க சார். கண்ணு தரையைப் பார்க்கட்டும். ரொம்ப இறக்காதீங்க, தூங்குற மாதிரி இருக்கு. ஆங், அப்படியே. புருவம் மட்டும் ஏன் சார் சந்தோஷமா இருக்கு?"

பயிற்சியாளர் அம்மையார் ஓரமாக நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கையைத் தட்டினார். "உங்களுக்கு இவ்வளவு தெரியுதே, எங்க படிச்சீங்க?"

"படிப்பெல்லாம் இல்ல மேடம். நானும் அந்த மருந்து போட்டுக்கிட்டவன். யார் முகத்துல வருத்தம் இருக்கு, யார் முகத்துல இல்லன்னு பார்த்துப் பார்த்து பழகிடுச்சு."

அறையே பூரித்துப் போனது. ஒத்திகைக்கு, பாதிக்கப்பட்டவர் இடத்தில் உட்கார ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அதுவரை ஒரு நாற்காலியின் மேல் கோட்டு ஒன்றை மாட்டிவைத்து அதனிடம்தான் இயக்குநர் மன்னிப்புக் கேட்டுப் பழகினார்.

"அசலே கிடைச்சுட்டாரு!" என்றார் அம்மையார். உடனே கோட்டை எடுத்துவிட்டு ஸ்டுடியோக்காரரை உட்காரவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அவங்க பழகிக்க நீங்க பொம்மையா?"

"பொம்மையா இருந்தா என்ன? பழகப் பழக ஒரு நாள் நிஜமாவே வாயில வந்துடும்ல?"

"ஆமா, வரும். உங்களுக்கு ஊரே நல்லவங்க."

ஒத்திகை தொடங்கியது. இயக்குநர் எழுந்து நின்று வாசித்தார்: "மருந்தினால் பாதிப்பு ஏற்பட்டதாகக் கருதப்படும் சூழ்நிலை குறித்து ஆழ்ந்த மனவருத்தம் நிலவுகிறது."

"எங்க சார் நிலவுது?" என்று கேட்டார் ஸ்டுடியோக்காரர்.

"பொதுவா நிலவுது" என்றார் இலாகாவின் சட்ட ஆலோசகர். அவர் கையில் சிவப்புப் பேனா எப்போதும் மூடி திறந்தே இருக்கும். "இடத்தைக் குறிப்பிட்டா அந்த இடத்துக்காரர் பொறுப்பாகிடுவாரு."

"என் தம்பி பேரையாவது ஒரு தடவை சொல்வீங்களா?"

"ஒருத்தர் பேரைச் சொன்னா செத்த எல்லார் பேரையும் சொல்லணும். விழா நடக்கிற ஹாலைச் சாயந்திரம் காலி பண்ணிக் குடுக்கணும். கல்யாணத்துக்குக் கேட்டிருக்காங்க."

இப்படியே தினமும் நடந்தது. பேச்சு நாளுக்கு நாள் இளைத்தது. இயக்குநரின் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. விழா நெருங்க நெருங்க அம்மையாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

"சார், பேப்பரைக் கீழ வைங்க. இது வெறும் பயிற்சி. இங்க சொல்றது எதுவும் வெளியில போகாது. அவரைப் பார்த்து, மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க."

இயக்குநர் சட்ட ஆலோசகரைப் பார்த்தார். "ஒத்திகையில் சொன்னது சொன்னதாகாது" என்று சட்ட ஆலோசகர் உத்தரவாதம் கொடுத்தார்.

இயக்குநர் ஸ்டுடியோக்காரரைப் பார்த்தார். அத்தனை நாளும் எதிரிலேயே உட்கார்ந்திருந்த மனிதரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். மஞ்சள் ஏறிய கண்ணும் வீங்கிய காலும் அவருக்கு அன்றுதான் தெரிந்தன.

"தெரியும்" என்றார் இயக்குநர். "அந்த மருந்து கெட்டதுன்னு முன்னாடியே எச்சரிக்கை வந்துச்சு. குடோன் நிறைய சரக்கு இருந்தது. வீணாப் போயிடுமே, இருக்கிறது தீரட்டும், அப்புறம் நிறுத்திக்கலாம்னு சொன்னோம். நான்தான் சொன்னேன். தெரிஞ்சேதான் குடுத்தோம். உங்க தம்பிக்கும் தெரிஞ்சேதான் குடுத்தோம்."

சொல்லிவிட்டு உடைந்து அழுதார். நடிப்பில்லை; மூக்கெல்லாம் ஒழுகியது. இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை காதில் விழுந்தபோது ஸ்டுடியோக்காரருக்குக் கோபம் வரவில்லை, தம்பி ஞாபகம்தான் வந்தது. ஊசி போடும்போதெல்லாம் அண்ணன் கையைப் பிடித்துக்கொள்வான்.

"பிரமாதம்!" என்று அம்மையார் துள்ளினார். "இந்த முகம்தான் வேணும்! கேமரா எங்க?"

பழக்கதோஷம், ஸ்டுடியோக்காரரே எழுந்துபோய்ப் படமெடுத்தார். அந்தப் படம்தான் ஊரெங்கும் சுவரொட்டியானது. தெரு முனைகளில் எல்லாம் இயக்குநர் ஆளுயரத்துக்கு அழுதுகொண்டிருந்தார். எதற்காக அழுகிறார் என்று மட்டும் அதில் போடவில்லை.

விழா நாளன்று ஸ்டுடியோக்காரர் இஸ்திரி போட்ட சட்டையுடன் மனைவியை அழைத்துக்கொண்டு போனார். வாசலில் சட்ட ஆலோசகர் தடுத்தார்.

"நீங்க உள்ள போக முடியாது. நீங்கதான் ஏற்கெனவே மன்னிப்பு வாங்கியாச்சே."

"அது ஒத்திகை சார். சொன்னது சொன்னதாகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னது சொன்னதாகாது. ஆனா வாங்கினது வாங்கினதாகும். ஒருத்தருக்கு ரெண்டு மன்னிப்பு குடுத்தா தணிக்கையில கேள்வி வரும்."

"என்ன சார் அநியாயமா இருக்கு!" என்றாள் மனைவி.

"அநியாயம்னா மனுக் குடுங்கம்மா. ஆணையம் இன்னும் இருக்கு."

கூட்டம் வழிந்ததால் உள்ளே இடமில்லாமல் இன்னும் பல நோயாளிகளும் தாய்மார்களும் வாசலிலேயே நின்றார்கள். ஒலிபெருக்கியில் ஆழ்ந்த மனவருத்தம் நிலவிக்கொண்டிருந்தது. மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மாள் ஸ்டுடியோக்காரரின் கையைப் பிடித்தாள். "நீங்க நிஜத்தைக் கேட்டீங்களாமே, உங்க வீட்டம்மா சொன்னாங்க. என்னதான் சொன்னாரு? எங்களுக்கும் சொல்லுங்கய்யா."

அவரால் மறுக்க முடியவில்லை. நடைபாதைக் கட்டையில் ஏறி நின்று, இயக்குநர் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். "தெரியும்... இருக்கிறது தீரட்டும், அப்புறம் நிறுத்திக்கலாம்னு சொன்னோம். நான்தான் சொன்னேன். தெரிஞ்சேதான் குடுத்தோம்." வாசலில் நின்றவர்கள் விம்மி அழுதார்கள்.

அந்த நேரம் பார்த்து ஆணையத்தின் புலனாய்வு அதிகாரி காற்று வாங்க வெளியே வந்தார். இத்தனை வருஷம் அவர் தேடிய வாக்குமூலம் நடுத்தெருவில் கொட்டிக் கிடந்தது. கைபேசியை எடுத்துப் படம்பிடித்தார்.

மறுநாள் ஸ்டுடியோக்காரரை ஆணையத்துக்கு அழைத்தார்கள். குற்றவாளி அகப்பட்டுவிட்டதாகக் காலையிலேயே செய்தி வந்துவிட்டது.

"நான் இயக்குநர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன் சார்."

"இயக்குநர் எங்க சொன்னாரு? அது ஒத்திகை" என்றார் சட்ட ஆலோசகர். "நீங்க பலபேர் முன்னிலையில, சுயநினைவோட சொல்லியிருக்கீங்க."

"எனக்கே அந்த மருந்தைத்தான் சார் போட்டாங்க."

"பாதிக்கப்பட்டவர் குற்றவாளியா இருக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லையே."

"அப்ப நான் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன்!"

"அந்த வயசுலயே எவ்வளவு பொறுப்பு பாருங்க" என்று புலனாய்வு அதிகாரி மெச்சினார். பிறகு ஆறுதலாகச் சொன்னார்: "பயப்படாதீங்க. தண்டிக்கிற அதிகாரம் எங்களுக்கு இல்ல. மேடையில ஏறி ஒரு மன்னிப்புக் கேட்டா போதும்."

ஸ்டுடியோக்காரர் சட்ட ஆலோசகரின் கையைப் பார்த்தார். "நான் பேசுறதை யாராவது திருத்துவாங்களா?"

சட்ட ஆலோசகர் சிவப்புப் பேனாவை மூடினார். "அரசாங்கத்தோட பேச்சைத்தான் நான் திருத்துவேன். குற்றவாளி இஷ்டம்போல பேசலாம்."

"அப்ப சரி" என்றார் ஸ்டுடியோக்காரர்.

மனைவி அன்று முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தாள். "பண்ணாத தப்பை ஒத்துக்கிறதுக்கு உங்களுக்கு என்ன தலையெழுத்தா?"

"யார் வாயில வந்தா என்ன? அந்த வார்த்தை மைக்ல வரணும். தம்பி பேரோட வரணும். எனக்கு இதைவிட்டா நேரமில்லடி."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

அதே ஹால், அதே மைக். இம்முறை எல்லோரையும் உள்ளே விட்டார்கள். "தலையைச் சாய்ங்க" என்று அம்மையார் ஓரத்திலிருந்து ஜாடை காட்டினார். ஸ்டுடியோக்காரர் தலையைச் சாய்க்கவில்லை. நேராக நின்று, மூச்சு வாங்கியபடி, எல்லாவற்றையும் சொன்னார். எச்சரிக்கை, குடோன், தீரட்டும் என்று விட்டது, தெரிஞ்சே குடுத்தது, எல்லாம். தம்பி பேரைச் சொன்னார். தனக்குத் தெரிந்த மற்றவர்கள் பேரையும் வரிசையாகச் சொன்னார். யாரும் ஹாலைக் காலி பண்ணச் சொல்லவில்லை. சொல்லி முடித்தபோது, இத்தனை வருஷம் கனத்துக் கிடந்த மனசு நிஜமாகவே லேசாக இருந்தது.

முன்வரிசையிலிருந்து இயக்குநர் எழுந்து மேடையேறினார். முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. தாடை, கண், புருவம் எல்லாம் சொல்லிக்கொடுத்த இடத்தில் இருந்தன. ஸ்டுடியோக்காரரை ஆரத் தழுவிக்கொண்டு, மைக்கில் தழுதழுத்தார்: "பெருந்தன்மையோடு, மக்கள் சார்பாக, இவரை நாங்கள் மன்னிக்கிறோம்."

ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. அதிகாரிகள் தட்டினார்கள், பத்திரிகைக்காரர்கள் தட்டினார்கள், மகனைப் பறிகொடுத்த அம்மாள்கூட அழுதுகொண்டே தட்டினாள். யாராவது ஒருவர் வாய்திறந்து ஒத்துக்கொண்டாரே என்கிற நிம்மதி எல்லோருக்கும். விவகாரம் இனிதே முடிந்ததாக அங்கேயே அறிவித்தார்கள். மனைவி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள்: "மன்னிச்சிட்டாராக்கும்?"

"ம்."

"கட்டிப்பிடிச்சுக்கிட்டு நீங்க ஏதோ சொன்னீங்களே, என்னது?"

ஸ்டுடியோக்காரர் நின்று மூச்சு வாங்கினார். சொல்லவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ரொம்ப நன்றி சார்னு சொல்லிட்டேன்."