வளைவு வருது, பிடிச்சுக்குங்க

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் ஒரே ஆளை இரண்டு தடவை ஏற்றிப் போன ஓட்டுநர், எனக்குத் தெரிந்து ஒருவர்தான். முதல் தடவை உட்கார வைத்து. இரண்டாம் தடவை படுக்க வைத்து. இரண்டு தடவையும் அதே வண்டி, அதே வேகம், அதே மரியாதை.

அவருக்குப் பெயர் கடைசி வண்டி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஞானஸ்நானம் கொடுத்தபோது எங்கள் பாஸ்டரும் நல்ல பெயராகப் பார்த்து ஒன்று வைத்தார். அந்தப் பெயர் தண்ணீரிலேயே தங்கிவிட்டது. அவர் நனைந்து மேலே ஏறியதும் கரையில் நின்ற நாங்கள், "கடைசி வண்டி அண்ணே, துண்டு இந்தாங்க" என்றோம்.

கூலாய் வட்டாரத்தில் பிரேத வண்டி ஓட்டுவது அவர் தொழில். நீளமான கறுப்பு வேன். ஜன்னல்களில் ஊதாத் திரை. நடுவில் பெட்டியைத் தள்ளி வைக்க ஒரு தட்டு, இரு பக்கமும் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து அழ நீள பெஞ்சு. கதவைத் திறந்தால் மல்லிகை, ஊதுபத்தி, ஆஸ்பத்திரி மூன்றும் கலந்த ஒரு வாசனை வரும். "அது வண்டி வாசனை இல்ல தம்பி. கடைசியில எல்லாருக்கும் வர்ற வாசனை" என்பார், பக்கத்து வீட்டுக் குழம்பைப் பற்றிச் சொல்வதுபோல.

ஆளும் வண்டிக்கு ஏற்ற ஆள். நெட்டை, ஒட்டிய கன்னம், உள்ளே போன கண்கள். சும்மா இருந்தால் பயமாக இருக்கும். சிரித்தால் இன்னும் பயமாக இருக்கும். நிறையச் சிரிப்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வளைவு வந்தால் கண்ணாடி வழியே பின்னால் பார்த்து, "வளைவு வருது, பிடிச்சுக்குங்க" என்பார். பெஞ்சில் ஆள் இருந்தாலும் சொல்வார். பெட்டி மட்டும் இருந்தாலும் சொல்வார்.

ஒருநாள் கோப்பிக்கடையில் கேட்டேன். "ஏன் அண்ணே, செத்தவங்க எப்படிப் பிடிப்பாங்க?"

"அது எனக்குத் தெரியாது லா. ஆனா சொல்லாம விட்டா பின்னால சத்தம் வரும்."

என்ன சத்தம் என்று நான் கேட்கவில்லை. வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு, கோப்பியைப் பாதியில் வைத்துக் கிளம்பினேன். அன்று எனக்கு விடுமுறை.

எங்கள் சபை கூலாயில் ஒரு டயர் கடையின் மேல்மாடி. ஆராதனைக்கு வெள்ளை உடுத்துவோம், நகை போடமாட்டோம். வருஷா வருஷம் பாஸ்டர் ஒரு கருப்பொருள் தருவார். அந்த வருஷம் மேடைக்குப் பின்னால் சுவர் நீளத்துக்குப் பேனர் கட்டியிருந்தது: 'மனம் புதிதாகட்டும், பணி தொடரட்டும்.' மனம் புதிதாவதன் முதல் படியாக நாங்கள் ஏர்கானை மாற்றினோம்.

தொடரவேண்டிய பணி என்னவென்று எல்லோருக்கும் தெரியும். செடெனாக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே ஒரு ஜெபவீடு இருந்தது. ஜனங்கள் டவுனுக்கு வந்து, பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், ஜெபவீட்டின் கூரையும் இறங்கிவிட்டது. மிச்சம் இருந்தது ஏழு மூத்த சகோதரிகள். பஸ் கிடையாது. அவர்களை ஞாயிறுதோறும் ஆராதனைக்குக் கூட்டிவர வேண்டும். எங்களில் பாதிப் பேரிடம் கார் இருந்தது. ஆகவே நாங்கள், "ஆண்டவரே, ஒரு வாகனம் தாரும்" என்று கண்ணீரோடு ஜெபித்தோம்.

தந்தார். மாடலைக் குறிப்பிட்டு ஜெபித்திருக்க வேண்டும். விட்டுவிட்டோம்.

நடந்தது இதுதான். ஒரு விசுவாசியின் அடக்க ஆராதனை. வெளியே வண்டியில் சாய்ந்து நின்ற கடைசி வண்டி, பாஸ்டரின் பிரசங்கத்தை முழுக்கக் கேட்டிருக்கிறார். முடிந்ததும் வந்து, "பாஸ்டர், மனசு புதுசானா போதுமா? வண்டி பழசா இருக்கலாமா?" என்றார்.

"தாராளமா பிரதர்."

"பெட்டி போன வண்டியா இருக்கலாமா?"

பாஸ்டர் பசியில் இருந்தார். "இருக்கலாம், இருக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு பாட்டு நடுவில் இருந்தோம். எங்கள் மூப்பர் ஜன்னலோரம் நின்றிருந்தார். பிசாசு துரத்துவதில் பேர் போனவர். அவர் அதட்டினால் கீழே டயர் கடையில் அடுக்கிவைத்த டயர் உருளும். அவர் தற்செயலாகக் கீழே பார்த்தார். பாட்டு நின்றுபோயிற்று.

"என்ன பிரதர்?"

"எறங்குறாங்க."

"யாரு?"

"உள்ள இருந்தவங்க."

எட்டிப் பார்த்தோம். பிரேத வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. வெள்ளைப் புடவை ஒவ்வொன்றாக, முதுகைக் காட்டியபடி, காலால் தரையைத் தேடித் தேடி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி வண்டி ஒரு முக்காலியை அவர்கள் காலடியில் பிடித்திருந்தார். டயர் கடை முதலாளியான தவுக்கே தன் நாற்காலியோடு கடைக்குள் போய் இரும்புக் கதவை இழுத்துவிட்டார். புதிதாக ஆராதனைக்கு வந்த ஒரு குடும்பம் பின்படி வழியாகப் போனது. அவர்களுக்காக இன்னும் ஜெபிக்கிறோம்.

வாரா வாரம் இதே கதை. வண்டிக்குள் சகோதரிகள் பாடிக்கொண்டே வருவார்கள். கறுப்பு வண்டி, மூடிய திரை, உள்ளே இருந்து பாட்டு. பின்னால் வரும் கார் ஒன்றும் முந்தாது. ஒருமுறை போலீஸ் சோதனையில் நிறுத்திவிட்டார்கள். இளம் போலீஸ்காரர், மலாய்க்காரர், முகத்தை மரியாதையாக வைத்துக்கொண்டு, யார் செத்தது என்று கேட்டிருக்கிறார். கடைசி வண்டி இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து, "செமுவா ஹிடுப், எஞ்சிக்!" என்றிருக்கிறார். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் ஐயா என்று பெருமையாக. அதே நொடியில் ஏழு பேரும் கையைத் தூக்கி, "ஸ்தோத்திரம்!" என்றார்களாம். "அலமாக்!" என்று போலீஸ்காரர் பயந்து பின்னால் குதித்ததில் தொப்பி சாலையின் அந்தப் பக்கம் போய் விழுந்ததாம்.

"ஞாயிற்றுக்கிழமையில அடக்கம் வந்தா என்னண்ணே செய்வீங்க?" என்று கேட்டிருக்கிறேன்.

"எடுக்கமாட்டேன். செத்தவங்களுக்கு என்ன அவசரம்? உசுரோட இருக்கிறவங்களைத்தான் நேரத்துக்குக் கொண்டாந்து சேர்க்கணும்."

பிறகு அவருக்கு இதயத்தில் கோளாறு வந்தது. இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கடைசி வண்டி மெதுவாக முன்னால் நடந்து போய், வண்டிச் சாவியைப் பேனருக்குக் கீழே மேசையில் வைத்தார்.

"யாராச்சும் எடுத்துக்குங்க" என்றார்.

அவ்வளவு பெரிய மௌனத்தை எங்கள் சபை ஜெப நேரத்தில்கூடக் கண்டதில்லை. புது ஏர்கான் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவருக்கு முதுகுவலி. ஒருவருக்கு அந்த நீளத்து வண்டி பழக்கமில்லை. இன்னொருவர், "ஆராதனையைப் போன்ல அனுப்பிட்டா போதாதா?" என்றார். தோட்டத்தில் செம்பனை மரத்தில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்பதை யாரோ நினைவுபடுத்தினார்கள்.

கடைசி வண்டி சிரிக்கவில்லை. முதல் தடவையாக. "அடுத்த ஞாயிறும் அவங்க ஏழு பேரும் வந்து நிப்பாங்க. இனிமே வண்டி வராதுன்னு யார் போய்ச் சொல்றது? அந்த ஆளையாவது இப்பவே சொல்லுங்க."

எனக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் ஜோக் வரும். "நம்ம மூப்பர் இருக்காரே, அவரை முன்னால உட்கார வெச்சா பிசாசே இறங்கி டாக்சி பிடிச்சுப் போயிடுமே" என்றேன். சபை சிரித்தது. மூப்பர் தரையைப் பார்த்தார். கடைசி வண்டி நேராக என்னிடம் வந்து, என் கையைத் திறந்து, சாவியை வைத்து மூடினார்.

"சிரிக்கிறவனுக்குப் பயம் இருக்காது. நீ ஓட்டு தம்பி."

மனிதர்களைப் படிப்பதில் அவர் செய்த ஒரே தவறு அது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "ஏங்க, கரப்பான் பறந்தா நாற்காலி மேல ஏறுற ஆளுதானே நீங்க?" என்றாள். பிறகு என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அது எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

ஞாயிறு விடியற்காலை. நெடுஞ்சாலையை விட்டுத் தோட்டத்துச் செம்மண் பாதைக்குள் திரும்பியதும் பனி வண்டியை விழுங்கிவிட்டது. இரு பக்கமும் செம்பனை வரிசை. வண்டி நகர நகர ஒவ்வொரு வரிசையும் ஒரு நீண்ட நடைக்கூடம்போலத் திறந்து மூடும். ஒவ்வொன்றின் கோடியிலும் ஏதோ வெளுப்பாக நின்றுவிட்டு மறையும். எலி பிடிப்பதற்காகத் தோட்டத்தில் கம்பத்தின்மேல் ஆந்தைக்குப் பெட்டி கட்டியிருப்பார்கள். அதிலிருந்து ஒரு வெள்ளை முகம் என்னைப் பார்த்தது. நான் போகப் போக அது திரும்பிக்கொண்டே இருந்தது. ஜன்னல்கள் மூடியிருந்தும் பின்னால் திரை அசைந்தது. மல்லிகை வாசனை அடித்தது. வண்டியில் ஒரு பூ கிடையாது.

பாட்டுப் பாடினேன். என் குரலோடு இன்னொரு குரல் சேர்ந்து வருவதுபோல் இருந்ததால் நிறுத்தினேன். அதுவும் நின்றது. கொஞ்சம் பிந்தி நின்றது.

அப்போதுதான் அந்த வளைவு. பழைய ஜெபவீட்டை ஒட்டி, சட்டென்று இடப்பக்கம் ஒடியும் வளைவு. நான் ஒன்றும் சொல்லவில்லை; வாய் ஒட்டிப்போயிருந்தது. வண்டி திரும்பியது. பின்னால், டமார்.

"யாரு?" என்றேன்.

பதில் இல்லை. நல்லவேளை. வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

வண்டியை விரட்டினேன். பழைய பெரட்டுக் களம் வந்தது. ஒரு காலத்தில் விடிகாலையில் தொழிலாளர்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்த இடம். அங்கே, பனிக்கு நடுவில், வரிசையாக வெள்ளை உருவங்கள். காலைக் காணோம். அசைவில்லை. ஒன்று மட்டும் மெல்லக் கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டது.

நான் தேடி வந்ததே அவர்களைத்தான், வெள்ளைப் புடவையில்தான் நிற்பார்கள், இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தது மூளைக்கு. கை ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டது.

வண்டி பின்னால் பறக்க, வெள்ளை உருவங்கள் அசைந்தன. பிறகு ஓடி வந்தன. "நில்லு! நில்லு!" என்று ஏழு குரல். நான் அலறினேன். அந்த நேரம் பார்த்து வேலைக்குப் போன ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி மோட்டார்சைக்கிளில் எதிரே வந்தார். பின்பக்கமாக ஓடும் பிரேத வண்டி, அதைத் துரத்தும் ஏழு வெள்ளைப் புடவைகள், உள்ளே அலறும் ஓர் ஆள். மோட்டாரைப் போட்டுவிட்டுச் செம்பனைக்குள் பாய்ந்தார். அவர் ஓடிய வேகத்துக்கு இந்நேரம் சிகாமட் தாண்டியிருப்பார்.

வண்டி சாக்கடையில் இறங்கி நின்றது. ஜன்னலை யாரோ தட்டினார்கள். ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். பாக்கியம்மா. ஏழு பேரில் பெரியவர், குரலிலும்.

"ஸ்தோத்திரம் தம்பி. எங்களை விட்டுட்டு எங்க ஓடுற?"

"பின்னால... வண்டிக்குள்ள ஏதோ இருக்கும்மா."

அவர் பின்கதவைத் திறந்து பார்த்தார். "முக்காலி இருக்கு. அதைக் கட்டலியா நீ? வளைவுல உருண்டிருக்கும்."

"அவ்வளவுதானா?"

"அண்ணன் கட்டவே மாட்டாரு. சொல்வாரு. சொன்னா உருளாது" என்றார் பாக்கியம்மா, அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல. பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "வாங்கடி, தள்ளுங்க" என்றார். ஏழு பேரும் தோள் கொடுத்துப் பிரேத வண்டியையும், உள்ளே பிரேதம்போல் உட்கார்ந்திருந்த என்னையும் மேலே ஏற்றினார்கள். வண்டிக்காக அந்தப் பனியில் எவ்வளவு நேரம் நின்றார்களோ, ஏற்றிவிட நான் பிடித்த கைகளெல்லாம் சில்லென்றிருந்தன. திரும்பும்போது அந்த வளைவில் ஏழு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அண்ணன் சொல்வதை நானும் சொன்னேன். "ஆமென்" என்று சொல்லிப் பிடித்துக்கொண்டார்கள்.

மனம் புதிதாவது பற்றிப் பாஸ்டர் அந்த வருஷம் முழுக்கப் பிரசங்கித்தார். என் விஷயத்தில் அப்படி அழகாக ஒன்றும் நடக்கவில்லை. பழைய மனம் பயந்து ஓடிப்போய்விட்டது. காலி இடத்தில் ஏழு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

நான் ஓட்டுவதைக் கடைசி வண்டி ஒவ்வொரு ஞாயிறும் டயர் கடை வாசலில் நின்று பார்ப்பார். தவுக்கேயே அவருக்கு நாற்காலி போட ஆரம்பித்துவிட்டார். நான் சாக்கடையில் இறங்கிய கதையைப் பாக்கியம்மா அவரிடம் ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சொல்வார். அவர் அந்தப் பயங்கரச் சிரிப்பைச் சிரிப்பார்.

ஒரு சனிக்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கம் ஞாயிறன்று. ஞாயிற்றுக்கிழமையில் அந்த வண்டி பெட்டி ஏற்றியதே இல்லை. அந்த விதியை உடைத்தவர் அவர் ஒருவர்தான். அதற்கும் பாஸ்டரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்: "ரூட்டை மாத்தாதீங்க. நானும் கூட வந்து அவங்களை ஏத்திக்கிறேன்."

பெட்டியை ஏற்றினோம். பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அது அந்த ஏழு பேரின் இடம். முன் சீட்டில் ஏற யாராவது வேண்டும் என்றபோது மூப்பர் வந்தார். எல்லோரும் பார்க்க, வேர்த்துக்கொண்டே ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டார். சபையின் கார்கள் பின்னால் வரிசை கட்டின. அந்தப் பாதைக்கு அத்தனை கார்கள் வந்தது அன்றுதான்.

செம்மண் பாதை. அதே பனி. கம்பத்துப் பெட்டியில் அதே வெள்ளை முகம். எனக்குப் பயம் வரவில்லை. ஆகவே ஜோக்கும் வரவில்லை. பழைய ஜெபவீடு தெரிந்தபோதுதான் முக்காலியைக் கட்ட மறந்தது நினைவுக்கு வந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே நிற்கிறது. நிறுத்த இடமில்லை. கண்ணாடியைப் பார்த்தேன்.

"வளைவு வருது அண்ணே, பிடிச்சுக்குங்க."

மூப்பர் கண்ணைத் திறக்கவில்லை. "யார்கிட்ட பேசுறீங்க பிரதர்?"

வண்டி வளைந்து நேரானது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

பிடித்துக்கொண்டார்.