லோமாரித் தீவின் அரசாங்கப் பன்றி

லோமாரித் தீவுக்கு உல்லாசக் கப்பல் வரும் என்று தலைநகரத்தில் முடிவான அன்றே, அந்தத் தீவின் இயற்கை அழகு போதாது என்றும் முடிவாகிவிட்டது. மலை இருந்தது, அருவி இருந்தது, கறுப்பு மணல் கரையும் இருந்தது. ஆனால் எல்லாமே இலாகாவின் முயற்சி இல்லாமல் தாமாகவே இருந்தன. அது இலாகாவுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஆகவே, இயற்கைக் காட்சி மற்றும் சடங்கு மேம்பாட்டு இலாகாவின் துணை இயக்குநர் தாபிசல் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். பயணிகள் கால் வைக்கக்கூடிய இடங்கள் அனைத்தின் வாயிலிலும், மண்ணின் பெருமையாகிய நமேலே மரத்து இலையை இருபுறமும் நட்டு அழகு செய்து, செய்த விவரத்தை உடன் தெரிவிக்க வேண்டியது என்று அதில் கண்டிருந்தது.

படித்ததும் வட்டாரச் செயலாளர் புலேக்குத் தலை சுற்றியது. நமேலே இலையை ஓரிடத்தில் நட்டால் அங்கே நுழையாதே, தொடாதே என்று அர்த்தம். நட்டவன்தான் பிடுங்க வேண்டும். பிடுங்குவதற்கு முன் பன்றி அடித்து ஊருக்குப் போட வேண்டும். இது அந்த நாட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பக்கத்துத் தீவில் பிறந்த தாபிசலுக்கும் தெரியும்.

புலேயிடம் ஒரு பன்றி இருந்தது. சும்மா பன்றி இல்லை. குட்டியிலேயே மேல்பல்லைப் பிடுங்கிவிட்டதால், கீழே முளைத்த கோரைப்பல் தடையில்லாமல் வளர்ந்து, வளையம் போலச் சுருண்டு தாடைக்கே திரும்பியிருந்தது. தானாகக் கடித்துத் தின்ன முடியாது. சேம்பை வேகவைத்து மசித்துத் தினமும் கையால் ஊட்டினான் புலே. அறுவடை முடிந்ததும் ஆட்டக்களத்தில் அதை அடித்தால் ஊர்ப் பட்டத்தில் அவனுக்கு ஒரு படி ஏறும், புதுப்பெயர் கிடைக்கும், நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அவன் மனைவி மபோன் அந்தப் பன்றியை "உங்க மூத்த பிள்ளை" என்றுதான் சொல்வாள். பாவம், அவளுக்குக் கிடைக்காத சோறூட்டல் அதற்குக் கிடைத்தது.

புலே தலைநகரத்துக்குப் போன் போட்டான்.

"சார், நமேலே நட்டா ஒருத்தரும் உள்ள போகமாட்டாங்களே."

"எனக்குத் தெரியாதாய்யா? அது ஊர் இலை. இது இலாகா இலை."

"மரம் ஒண்ணுதானே சார்?"

"மரம் ஒண்ணுதான். உத்தரவு வேற இல்லையா?"

இதற்குமேல் பேசினால் பென்ஷனைத் தொட்டுவிடும் என்று புலேக்குப் பட்டது. படகுத்துறை, விமானத்திடல், அருவிப் பாதை, ஊற்று, பள்ளிக்கூடம், மருந்தகம், கடற்கரைக் கழிப்பறை என்று ஒன்று விடாமல் இலை நட்டு, போட்டோ எடுத்து அனுப்பினான்.

ஊர்த்தலைவர் மோல்கவ் வந்து பார்த்தார். யார் நட்டது என்று கேட்டார். அரசாங்கம் என்றான் புலே. அப்படியானால் அரசாங்கத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஊர் முழுக்க அப்படியே மரியாதை கொடுத்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாரம்பரியத்தை அவ்வளவு பக்தியோடு கடைப்பிடித்து யாரும் பார்த்ததில்லை. வாத்தியார்கள் இன்னும் ஒரு படி மேல். ஊரார் ஊற்றுக்குப் போகாமல் இளநீர் வெட்டிக் குடித்தார்கள். பல்வலிக்காரர் ஒருவர் வீங்கின கன்னத்தோடு மருந்தகம்வரை போய், இலையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். புலே வீடு வீடாகப் போய்க் கெஞ்சினான். பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள் என்று கூட்டம் போட்டுச் சொன்னது நீங்கள்தானே என்று அவனையே கேட்டார்கள். சிரிப்பை அடக்கத் தெரியாதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கப்பலுக்கு முதல் நாள் தாபிசல் விமானத்தில் வந்தார். திடலின் முனையில் இலையைக் கண்ட விமானி, மரியாதையாக ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்துத் தீவில் போய் இறக்கினான். அங்கிருந்து படகு. படகுக்காரன் துறைக்கு முன்பே எஞ்சினை அணைத்துவிட்டான். துணை இயக்குநர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, இலை இல்லாத பாறை வழியாக, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து கரையேறினார். ஏறியதும் மூடநம்பிக்கையைப் பற்றி நீண்ட உரையைத் தொடங்கினார். அது நடுவிலே நின்றுபோனது. காலையிலிருந்து அலையில் ஆடிய வயிறு வேறு பேச ஆரம்பித்திருந்தது.

கழிப்பறை எதிரேதான் இருந்தது. இருபுறமும் இலை பச்சைப்பசேல் என்று நின்றது.

"போங்க சார். இலாகா இலைதான்."

தாபிசல் ஒரு காலை எடுத்து வைத்தார். பிறகு அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நீ முன்னால போய்யா."

"நான் நட்டவன் சார். நீங்க உத்தரவு போட்டவரு. முதல் மரியாதை உங்களுக்குத்தான்."

இரண்டு பேரும் காவல்காரர்கள் மாதிரி வாசலிலேயே நின்றார்கள். கடைசியில் துணை இயக்குநர் தாழம்புதருக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது மூடநம்பிக்கைப் பேச்சை மீண்டும் எடுக்கவில்லை.

சாயங்காலம் ஊர் கூடும் நாகமால் மண்டபத்தில் காவா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தபோது விவகாரம் வந்தது. நட்டவன் பன்றி அடிக்க வேண்டும். யார் நட்டது? கை புலேயுடையது என்றார் தாபிசல். வாய் இலாகாவுடையது என்றான் புலே. மோல்கவ் காவாவை ஒரே மடக்கில் குடித்து, துப்பிவிட்டு, அரசாங்கம் நட்டதால் அரசாங்கம்தான் அடிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். தலைநகரத்துக்குப் போன் போட்டார்கள். அரசாங்கத்திடம் வாகனங்களும் நாற்காலிகளும் இருக்கின்றன, பன்றி இல்லை, வேண்டுமானால் அடுத்த பட்ஜெட்டுக்குப் பிறகு டெண்டர் விடலாம் என்று பதில் வந்தது. கப்பலோ விடிந்தால் வந்துவிடும்.

தாபிசல் சற்று யோசித்தார். "ஏன்யா புலே, உன் பன்றி பகல்ல திங்குமா?"

"திங்கும் சார்."

"ஆபீஸ் நேரத்துல?"

"பசிச்சா திங்கும் சார்."

"அரசாங்க ஊழியன், அரசாங்க நேரத்துல, அரசாங்கச் சம்பளத்துல வளர்த்த பன்றி. அப்ப அது அரசாங்கப் பன்றி. இவ்வளவு நாள் உன் பொறுப்புல இருந்திருக்கு, அவ்வளவுதான்."

புலே ஊரைப் பார்த்தான். ஊருக்கு இறைச்சி வாசனை அப்போதே அடித்துவிட்டது போலிருந்தது. மோல்கவைப் பார்த்தான். யாருடையதாக இருந்தாலும் பன்றி பன்றிதான், சம்பிரதாயத்தில் தடையில்லை என்றார் அவர்.

"சார், அது பன்றி இல்ல. அந்தப் பல்லுல என் பேரு சுருண்டு கிடக்கு." என்றான் புலே.

அவனுடைய தியாகம் உரிய இடத்தில் குறித்துக்கொள்ளப்படும் என்று தாபிசல் ஆறுதல் சொன்னார்.

காலையில் மபோன்தான் சேம்பை மசித்து ஊட்டினாள். பன்றியின் பக்கத்தில் போகப் புலேக்கு மனம் வரவில்லை.

பயணிகள் படகுகளில் வந்து துறைக்கு வெளியே மிதந்தபடி பார்த்தார்கள். கயிற்றைப் பிடித்தது புலே. அரசாங்கத்தின் சார்பில் தடியைப் பிடித்தது தாபிசல். ஒரே அடி. இலைகள் பிடுங்கப்பட்டன, பயணிகள் கை தட்டிக்கொண்டே இறங்கினார்கள். ஆனால் அடித்தவனுக்குப் படி ஏற வேண்டும் அல்லவா? மோல்கவ் சம்பிரதாயப்படி பல்லின் சுருளை விரலால் தடவிப் பார்த்து, அதற்குரிய பட்டத்தைத் தாபிசலுக்குச் சூட்டிச் சத்தமாகச் சொன்னார். அப்படிச் சுருண்ட பல்லை அந்தத் தீவு அதுவரை கண்டதில்லை. ஆகவே பட்டமும் பெரிது. அது தன் பட்டத்துக்கும் மேல் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கூட்டம் கறிச்சோற்றில் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. புலே மட்டும் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் துணை இயக்குநரின் கையெழுத்தோடு இன்னொரு சுற்றறிக்கை வந்தது. பயணிகள் அகமகிழ்ந்தபடியால், இனி ஒவ்வொரு கப்பலுக்கும் இலை நட்டுப் பன்றி அடிக்கப்படும். அரசாங்கம் போட்ட குழாய்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்ததால், லோமாரியிலுள்ள பல் சுருண்ட பன்றிகள் யாவும் அரசாங்கப் பன்றிகளாகக் கருதப்படும்.

ஊரில் சிரிப்பு நின்றது. மோல்கவின் வீட்டுக்குப் பின்னால் இரண்டு நின்றன. பல்வலிக்காரர் வீட்டில் ஒன்று. எல்லோரும் நாகமாலில் கூடி, இது சம்பிரதாயத்துக்கே விரோதம் என்று கொதித்தார்கள்.

"சரி, யாருகிட்ட முறையிடுறது?" என்று கேட்டான் புலே.

"சம்பிரதாயத்துல சிக்கல்னா தீவுலயே பெரிய பட்டக்காரர்கிட்டதான் போகணும். அதுதானே முறை?" என்றார் மோல்கவ் கம்பீரமாக. அந்தப் பட்டம் இப்போது தாபிசலிடம் இருப்பது அப்புறம்தான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

ஆள் அனுப்பினார்கள். தாபிசல் வந்து உயர்ந்த இடத்தில் உட்கார்ந்தார். பெரிய பட்டக்காரர் முன் நிமிர்ந்து நடக்கக் கூடாது என்பதால் ஊரே குனிந்து வந்தது. காவாச் சிரட்டையை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டியவன் புலே. முறையீட்டைக் கேட்டுத் தாபிசல் பதறிப்போனார்.

"என்ன அநியாயம்யா இது. ஊர்ப் பன்றிமேலயா இலாகா கை வைக்குது? நான் சும்மா விடமாட்டேன். துணை இயக்குநருக்கு இன்னைக்கே கடுமையா எழுதுறேன்."

பதில் வரக் கொஞ்சம் நாளாகும் என்றார். அதுவரை பன்றிகளுக்கு நன்றாகத் தீனி போட்டு வளர்க்கச் சொன்னார். எல்லோரும் குனிந்தபடியே சரி என்றார்கள்.