பொட்டி மாமாவும் அரிசி மண்டி வெப்சைட்டும்

கடலூர் மாவட்டத்திலேயே பொட்டி மாமாவைப் போல வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கிய மனிதர் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. ஆபீஸ் போன் அடித்தால் எடுக்காமலேயே, "மாமா, ஒங்களுக்குத்தான்" என்று சொல்லிவிடுவோம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். மாமா சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். டைப்ரைட்டரில் பழகிய விரல்கள். அவர் தட்டுகிற தட்டில் கீபோர்டு எழுத்துகள் எகிறி விழும்.

வலைப்பக்கத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை இருக்கும், சைட்பார் என்போம். காலண்டர், கடிகாரம், கடைசியாக வந்த கமெண்ட் என்று சின்னச் சின்னப் பெட்டிகளை அதில் அடுக்குவோம். ஊரெல்லாம் விட்ஜெட் என்று சொன்னதை மாமா பொட்டி என்றார். அதைச் சைட்பாரில் வைப்பது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. தளத்தின் தோற்றத்தை வகுக்கும் தீம் கோப்பைத் திறந்து ஒரு வரி நிரல் எழுதி, பெட்டியைத் தூக்கிப் பக்கத்தின் உச்சந்தலையில் உட்கார வைத்துவிடுவார்.

ஒரு பல் டாக்டரின் தளத்தில், டாக்டர் சிரிக்கும் படத்துக்கு நட்டநடுவே கடிகாரம் ஓடியது. ஒரு கல்யாண மண்டபத்தின் தளத்தில் கமெண்ட் பெட்டியை உச்சியில் வைத்தார். மண்டபத்தின் பெயருக்கும் மேலே, "பந்தியில் ரசம் வரவே இல்லை" என்று யாரோ எழுதியது முகூர்த்த சீசன் முழுக்க ஜொலித்தது. மண்டபக்காரர் மாடி ஏறி வந்து கத்திவிட்டுப் போனார்.

"ஓரமாத்தான் வெச்சா என்னா மாமா?" என்று ஒரு நாள் கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஓரமா இருக்கறத எவன் மாப்ள பாக்கறான்? என் வூட்டுக்காரி மஞ்சக்காமாலையோட ஒரு ஓரமா ஒக்காந்துருந்தா. நான் கம்ப்யூட்டரையே பாத்துகிட்டு இருந்தேன். அவ கண்ணு மஞ்சளானதுகூட எனக்குத் தெரியல."

அத்தை போன பிறகுதான் அவருக்கு இந்தப் பித்து பிடித்ததாம். ஒரே மகன் வேலு. காரியம் முடிந்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு ஓசூரில் ஒரு கம்பெனி வேலைக்குக் கிளம்பிவிட்டான். போகும்போது, "இனிமே எங்கிட்ட பேசாத" என்றிருக்கிறான். அதன்பின் போனையும் எடுப்பதில்லை.

"பேசாதன்னுதான சொன்னான்? எழுதாதன்னு சொல்லலியே!" என்றார் மாமா, கோர்ட்டில் பாயிண்ட் பிடித்துவிட்ட வக்கீல் மாதிரி.

மாமாவுக்குச் சொந்தமாக ஒரு வலைப்பூ இருந்தது. அதன் உச்சியில் ஒரு பெட்டி. அதில் தினமும் வேலுவுக்கு ஒரு வரி. "வேலு, மீன் கொழம்பு வெச்சேன். அம்மா வெச்ச மாதிரி வரல." அதற்குக் கீழே இன்னொரு பெட்டி, எந்தெந்த ஊரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள் என்று காட்டும். ஆபீஸுக்குள் நுழைந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான்.

"மாமா, பாரீஸ்லேந்து ஒருத்தரு வந்துருக்காரு!"

"அவுரு கெடக்கறாரு. ஓசூர் இருக்கா பாரு."

ஒரு நாளும் இருந்ததில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

சிதம்பரத்து அரிசி மண்டி ஒன்றுக்குத் தளம் செய்தபோதுதான் பெரிய கூத்து. சோம்பல்பட்டுக்கொண்டு, தன் வலைப்பூவின் தலைப்பகுதிக் கோப்பையே மண்டித் தளத்துக்கும் இணைத்துவிட்டார். பெயரும் படமும் தானாக மாறிக்கொண்டன. கோப்புக்குள்ளேயே எழுதி வைத்த பெட்டி எப்படி மாறும்? வலைப்பூவில் எழுதுவதெல்லாம் இங்கேயும் வந்துவிடும். பொன்னி அரிசி மூட்டைகளுக்கு மேலே கொட்டை எழுத்தில் வந்து நின்றது: "வேலு, நைட் ஷிப்டுல வெறும் வயித்தோட நிக்காத."

மண்டி முதலாளி மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். "யாருய்யா அந்த வேலு? எங்கடையில அப்படி ஆளே கெடையாது! மூட்ட தூக்கறவனுக்குச் சோறு போடமாட்டியான்னு கஸ்டமரு கேக்கறான்யா!"

மாமா கும்பிடு போட்டு, நாளைக்கே எடுத்துவிடுகிறேன் என்று அனுப்பி வைத்தார். மறுநாள் அதே முதலாளி போன் செய்தார். "அந்தப் பொட்டி இருக்கட்டும், எடுத்துடாதீங்க" என்றார். காரணம் சொல்லவில்லை.

"பாத்தியா மாப்ள! டிசைன் தெரிஞ்ச மனுசன்" என்று மாமா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அந்தப் பெருமையை எங்களால் தாங்க முடியவில்லை.

அந்த வருடக் கடைசியில் புயல் அடித்து, கடலூர் மாவட்டம் முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்தது. மாமா வீட்டுக் கூரை ஓடெல்லாம் பறந்துவிட்டது. மனிதர் அதை அப்படியே போட்டுவிட்டு, ரோட்டில் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, கிடைத்த வண்டியில் ஏறி விழுப்புரம் போனார். அங்கே ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்து பெட்டியை மாற்றினார். "வேலு, அப்பா நல்லாருக்கேன். பயப்படாத."

"அவன்தான் பாக்கறதே இல்லியே மாமா" என்றேன்.

"பாத்தா?" என்றார்.

அடுத்த கோடையில் ஒரு காலை, ஆபீஸுக்குக் கிளம்பியவர் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி போகும்வரை தாங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, மாமா ஆபீஸிலேயே விட்டுப்போயிருந்த மூக்குக்கண்ணாடியை வாங்கிப்போக வேலு வந்தான். எனக்கு அவன் மேல் சரியான கோபம். "ஒரு தடவ அந்த வலைப்பூவ தொறந்து பாத்துருக்கக் கூடாதா? ஓசூர்னு ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா போதும் அந்த மனுசனுக்கு" என்று கேட்டேவிட்டேன்.

"அதத் தொறந்தா ஊரு பேரு காட்டிக் குடுத்துடும்ணா. அதனால அரிசி மண்டி வெப்சைட்ல பாத்தேன். அதுல ஊரு காட்டற பொட்டி கெடையாது. என் கூட்டாளி அந்த மண்டியிலதான் கணக்கு எழுதறான். மொதலாளி சண்ட போடக் கெளம்புன அன்னிக்கு அவன்தான் சொன்னான், ஒங்கப்பா ஒனக்கு எழுதறது இங்க வருதுடான்னு. ஒடனே மொதலாளிக்குப் போன் போட்டு அழுதேன். எடுக்காதீங்க, அப்பாகிட்டயும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கினேன். அன்னிலேந்து தெனம் பாத்தேன்."

"பேசியிருக்கலாமேடா."

அவன் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "சாப்டியான்னு அவரு என்னக் கேட்டதே இல்லண்ணா. அம்மா போனப்பறம்தான், அதுவும் அந்தப் பொட்டியிலதான் கேட்டாரு. நான் பதில் சொல்லிட்டா எழுதறத நிறுத்திடுவாரோன்னு பயம்."

அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை. அவனை மாமாவின் நாற்காலியில் உட்கார வைத்து டீ சொன்னேன்.

பாவி மனுஷா, உங்கள் பிள்ளை பார்த்தான் மாமா. தினமும் பார்த்தான்.