பின்சீட்டில் ஒரு சாய்வு நாற்காலி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்டவன் எழுதுவது. இங்கே அவள் நலம், நானும் நலம், என் வலது முழங்கை மட்டும் அரை நலம். நீயும் உன் வீட்டாரும் முழு நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போன வாரம் நீ போனில், "அந்தப் பழைய பைக்கை வித்துத் தொலைங்க மச்சான்" என்றபோது நான் பதில் சொல்லாததற்குக் கோபம் காரணமில்லை. அந்த நேரத்தில் என் வாயில் நான்கு திருகாணிகள் இருந்தன. இப்போது வாய் காலியாக இருப்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

அந்த வண்டிக்கு வயது இருபத்திரண்டு. அத்தனை வருஷமும் காலையில் உன் அக்காவை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் நான் கண்ணாடிக் கடைக்குப் போய் லென்ஸ் தேய்க்க உட்காருவேன். வீட்டில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை என்பது உனக்கே தெரியும். பேச வேண்டியதையெல்லாம் அவள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசுவாள், நான் ரோட்டைப் பார்த்துப் பதில் சொல்வேன். எங்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடிவு செய்ததே ஒரு ரயில்வே கேட்டில் நின்றுகொண்டுதான். அப்படிப்பட்டவள் மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், "இனிமே நான் பஸ்ல போயிக்கிறேன். இது சீட்டா, கருங்கல்லா?" என்று கேட்டுவிட்டாள். தினமும் நூறு பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவளே வலிக்கிறது என்றால் நிஜமாகவே வலித்திருக்கும். அன்றிலிருந்து நான் தனியாகப் பேசிக்கொண்டு போனேன். பக்கத்தில் வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

புதுச் சீட்டு வாங்கியிருக்கலாமே என்பாய். கண்ணாடியை மயிரிழை பிசகாமல் தேய்க்கிறவனுக்கு ஒரு சீட்டு தைக்கத் தெரியாதா என்ற திமிர்தான், வேறென்ன. பழைய சோபாவின் ஸ்பாஞ்சை அறுத்து, குளியலறைத் திரையில் உறை தைத்து, சைக்கிள் டியூபை நாடா நாடாவாக வெட்டி இழுத்துக் கட்டினேன். உட்கார்ந்தால் சிம்மாசனம். கால்தான் தரைக்கு எட்டவில்லை. முதல் சிக்னலிலேயே வண்டி மெல்லச் சாய்ந்தது, நானும் சாய்ந்தேன், நல்லவேளையாகப் பக்கத்தில் போக்குவரத்துக் காவலர் நின்றிருந்தார்.

"சார், என் மேல சாஞ்சு நிக்கிறீங்க."

"தெரியுதுங்க. பச்சை விழுந்ததும் போயிடுவேன்."

தங்கமான மனிதர், பச்சை விழும்வரை அசையவில்லை.

மறுநாள் நல்ல மழை. உறையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். மேலேதான் காய்ந்திருந்தது, உள்ளே ஸ்பாஞ்சு ஒரு குடம் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காத்திருந்தது. கடைக்குள் நான் நுழைந்த கோலத்தைப் பார்த்த முதலாளி கதவைச் சாத்திவிட்டு, "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். டாக்டரைப் பாருங்க" என்று பரிவோடு சொன்னார்.

ஸ்பாஞ்சைப் பாதியாகக் குறைத்துவிட்டுக் கைப்பிடிக்கு வந்தேன். கை மரத்துப்போகிறதே என்று, குழாய்க்குச் சுற்றுகிற ரப்பர் உறையை இரண்டு பக்கமும் மாட்டினேன். பூசணிக்காயைப் பிடித்தமாதிரி சுகமாக இருந்தது. ஆனால் திருகிய ஆக்சிலேட்டர் திரும்பி வரவில்லை. கடை இருக்கிற தெருவை மூன்று முறை சுற்றினேன், முதலாளி மூன்று முறையும் கையசைத்தார். நான்காவது சுற்றில் ஒரு செம்பருத்திச் செடி என்னை நிறுத்தியது. முழங்கைக் கணக்கு அதுதான். கிரீஸ் அண்ணன் என்று ஊரே கூப்பிடும் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "சாவியத் திருப்பி அணைச்சிருக்கலாமே சார்" என்றார். தோன்றவில்லை மாப்பிள்ளை, சத்தியமாகத் தோன்றவில்லை.

கடைசியாகத்தான் அந்தச் சாய்மானம். கடையில் கழித்துப்போட்ட சுழல் நாற்காலியின் முதுகுப்பக்கத்தைக் கழற்றி வந்து பின் கேரியரில் முறுக்கினேன். நீ போன் செய்தது அப்போதுதான். மறுநாள் காலை உன் அக்காவுக்கு பஸ் தவறிவிட்டது. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "இன்னைக்கு மட்டும்" என்று சொல்லி, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏறினாள்.

மூன்று மாதம் சேர்த்துவைத்த பேச்சு முழுவதையும் நான் அவிழ்த்துவிட்டேன். முதல் வேகத்தடையில் பின்னால் 'க்ளக்' என்று ஒரு சத்தம். அதன்பின் பதிலே இல்லை. கோபம் போலிருக்கிறது என்று இரண்டு தெரு சமாதானம் பேசினேன். பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன், அவள் இருந்த இடத்தில் வானம் இருந்தது. அந்த நாற்காலிக்குச் சாய்கிற லீவர் உண்டென்பதை நான் மறந்தே போயிருந்தேன். உன் அக்கா நீட்டிப் படுத்தபடி, என் இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தட்டுமா?"

"பேசாம ஓட்டுங்க. இந்த ரோட்டுல இவ்வளவு மரம் இருக்குன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது."

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி பார்த்தார். தலைக்கவசம், படுத்த கோலம், ஓட்டுகிறவன் முகத்தில் கலவரம். ஒரு நிமிஷத்தில் ஸ்ட்ரெச்சரோடு நான்கு பேர் ஓடி வந்தார்கள். உன் அக்கா எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று அவர்களைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி வந்து என் வண்டியருகில் நின்றாள். இந்த ஆறு நாளும் அப்படித்தான். பேச்சு ஓய்வதில்லை, வேண்டுமென்றே சுற்றுவழியில் போகிறோம்.

ஆகவே விற்கிற பேச்சை விட்டுவிடு. நீ பயப்படவும் வேண்டாம். லீவரைக் கிரீஸ் அண்ணன் அசையாமல் இறுக்கிவிட்டார். இனி அந்த வண்டியில் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டேன் என்று உன் அக்கா தலையில் கைவைத்துச் சொல்லியிருக்கிறேன். குடும்பத்தோடு நீ நீண்ட ஆயுளும், நிமிர்ந்த முதுகும், காய்ந்த சீட்டும் பெற்று வாழ வாழ்த்தும்,

உன் மச்சான்.

பி.கு.: கடிதத்தை உன் அக்கா படித்தாள். அது அவசரத்தில் செய்த சத்தியம், செல்லாது என்கிறாள். லீவரையும் அவளே போய்த் தளர்த்தி வாங்கி வந்துவிட்டாள். படுத்துக்கொண்டு போனால் முகத்தில் வெயில் அடிக்கிறதாம். உன் குழந்தையின் பழைய தள்ளுவண்டி பரணில் கிடந்தால் அதன் மேல்மூடியை மட்டும் கழற்றி உடனே அனுப்பு. திருகாணிகளையும் சேர்த்து.