ஆவுடையப்பன் வாங்கிய சலூன் நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு வேலையும் பார்ப்பதில்லை என்று ஆவுடையப்பன் முடிவெடுத்தது எண்பத்தொன்பதாம் வருஷம் சித்திரையில். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவர் ஃபிட்டர். ஆறு நாள் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர் ஏழாம் நாளும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் எப்படி?

ஓய்வுக்கு ஓர் ஆசனம் வேண்டும். பழைய சாமான் என்றால் அவருக்கு உயிர். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்ணுச்சாமியின் பழைய சாமான் கடையில், உடைந்த பீரோவுக்குப் பின்னால் அது நின்றது. எப்போதோ மூடிய சலூன் ஒன்றின் சுழல் நாற்காலி. பெயர்தான் நாற்காலி, கால் ஒன்றுதான். தலைக்குத் திண்டு, பாதத்துக்குப் படி, மிதித்தால் ஆசனத்தை உயர்த்த முதுகுப்பக்கம் ஒரு பெடல். மிதித்துப் பார்த்தார். உயரவில்லை, முனகியது. அந்த முனகலிலேயே மனுஷர் மயங்கிவிட்டார்.

பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்ததை மனைவி பிச்சையம்மாள் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள்.

"யாருக்குச் சவரம் பண்ணப் போறீக?"

"ஏட்டி, இது ஓய்வு நாற்காலி. இனிமே ஞாயித்துக்கெழம இதவிட்டு எறங்க மாட்டேன்."

"எறங்கவே மாட்டீகளா?"

"சாப்பாடும் இதுலதான்."

அவள் அதற்குமேல் பேசவில்லை. பேசாத பிச்சையம்மாளைப் பார்த்து அவர் அன்றே பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டார்.

நாலு ஞாயிறு உழைத்தார். மண்ணெண்ணெய் விட்டுத் துருவை எடுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். நைந்த தோலைக் கிழித்தெறிந்து, தேங்காய் நார் திணித்து, மெரூன் ரெக்சின் போட்டார். எண்ணெய் ஒழுகிய பம்புக்குத் தோல் வாஷர் வெட்டி மாட்டியதும், மிதிக்க மிதிக்கச் சத்தமே இல்லாமல் உயர்ந்தது. பக்கத்து வீட்டு இருளம்மாளைக் கூட்டிவந்து காட்டியது பிச்சையம்மாள்தான். "அவிய இதவிட்டு எறங்க மாட்டாக" என்று தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னதும் அவள்தான்.

ஐந்தாம் ஞாயிறு அவர் ஏறி அமர்ந்தார். அவள் மிதித்தாள். தரை ஒரு முழம் கீழே போனது. மந்திரிகளுக்கு நாற்காலி மேல் ஏன் அம்புட்டு ஆசை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"சொகமா இருக்கா?"

"சொர்க்கம்."

"அப்ப இருங்க" என்று மடியில் ஒரு சொளகை வைத்தாள். முறம் நிறையச் சின்ன வெங்காயம்.

இறங்க வேண்டியதில்லையாம், கை அசைந்தால் போதுமாம். வெங்காயம் முடிந்ததும் பூண்டு வந்தது. பொறவு நாற்காலியை வடக்கே திருப்பினாள், ஜன்னல் கம்பியைத் துடைத்தார். தெற்கே திருப்பினாள், அலமாரியைத் துடைத்தார். உட்கார்ந்த இடத்திலேயே எழுந்து நின்றால் பரண் எட்டும் என்றாள். எட்டியது. குதித்துவிடலாம்தான். ஆனால் மனுஷர் இறங்குகிறாரா என்று பார்க்க வாசலில் இருளம்மாள் நின்றாள்.

மத்தியானம் நாற்காலிக்கே கறிக்குழம்பு வந்தது. அதைச் சாப்பிட்டதும் அவருக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிக் கோபத்தில் ஒரு திட்டம் போட்டார். அதிகாரம் ஆசனத்தில் இல்லை, பெடலில் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு காலையிலேயே சொன்னார்: "பாவம், நீயும் ஒரு நாள் உக்காரு. நான் மிதிக்கேன்."

பிச்சையம்மாள் மறுக்கவில்லை. ஏறி அமர்ந்தாள். ஒரு முழம் உயர்த்திவிட்டு, மூணு கிலோ வெங்காயத்தை மடியில் வைத்தார். அவள் திண்டில் தலை சாய்த்துக் கண்ணை மூடினாள்.

"அடுப்புல ஒல கொதிக்கு. அரிசியக் களைஞ்சு போட்டுட்டு வாங்க."

"நானா?"

"வேண்டாம்னா என்னைய எறக்கி விடுங்க, நானே போறேன். வெங்காயத்த நீங்க ஏறி உரிச்சிருங்க."

ஆவுடையப்பன் செத்த நேரம் வெங்காயத்தைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"ஏட்டி, அரிசிய எத்தன தண்ணி களையணும்?"