சைக்கிள் பம்பின் ஈரல்

ஆனைக்கரையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அன்று காய் உலரவில்லை, மனிதர்கள் உலர்ந்தார்கள். காலை ஏழு மணிக்கே வரிசை ரோட்டைத் தொட்டுவிட்டது. உள்ளே 'நானோ நிபுணர்' வினோ ஒரு தங்க நிறத் தகட்டோடு உட்கார்ந்திருந்தார். தகட்டில் ஊத வேண்டும். பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். அதுதான் அகச்சிவப்புக் கதிராம்! தோட்டத்தில் மருந்தடித்து ரத்தத்தில் ஏறிய விஷ மூலக்கூறைக் காட்டிக்கொடுக்குமாம். விளக்கு எரியாமல் இதுவரை ஒருவரும் வெளியே வரவில்லை.

பரிகாரம்? கழுத்தில் ஒரு குட்டித் தகடு. விஷத்தை அதுவே குடித்துவிடும்.

மருந்தடிக்கும் கபிரியேல் அதை மாட்டிய அன்றே முகமூடியை அடுப்பில் போட்டார். தகடுதான் இருக்கிறதே! மூன்றாம் நாள் ஏலக்காட்டில் வாந்தியெடுத்து விழுந்தார்.

"வெசம் வெளிய போவுது. இன்னொண்ணு மாட்டுங்க" என்றார் வினோ. கபிரியேல் அதற்கும் தலையாட்டினார்.

மனைவி சந்தனமேரி பயந்துபோய் மகள் ஜோமோளுக்குப் போன் போட்டாள். மூலக்கூறுகளைக் கண்டுபிடிக்கத் தங்கத்தில் நுண்ணிய கோலம் வடிவமைப்பதுதான் கொச்சி ஆய்வுக்கூடத்தில் ஜோமோளின் வேலை. வந்து பார்த்தவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"அப்பா, அகச்சிவப்பு கண்ணுக்கே தெரியாது. இந்த லைட்டு ரோட்டுக்கே தெரியுது! மூணு வருசம் மண்டைய ஒடச்சு நான் செஞ்ச தகடு ஒரேயொரு மூலக்கூறத்தான் கண்டுபுடிக்கும்."

"சும்மா கெட புள்ள. படிச்ச திமிரு!"

"படிப்ப விடுங்க. சோதிச்சுப் பாப்போம்."

மறுநாள் ஸ்டோருக்கு நம்பர் போட்ட ஆறு பலூன்கள் வந்தன. மூன்றில் கபிரியேலின் மூச்சு; மற்ற மூன்றில் யாருடையது என்பது சந்தனமேரிக்கு மட்டும் தெரியும். கூட்டம் பார்க்கிறதே, வினோவால் மறுக்க முடியவில்லை. ஒவ்வொன்றாகத் தகட்டில் காற்றை விட்டார். ஆறுக்கும் விளக்கு எரிந்தது.

"நாலாம் நம்பரு ரொம்ப மோசம். ஈரல் போச்சு. ஒடனே ரெண்டு தகடு மாட்டணும்!"

"ஐயோ, யாரது?" கூட்டம் பதறியது.

சந்தனமேரி முந்தானைக்குள்ளிருந்து சைக்கிள் பம்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இவுகதான். கழுத்து எதுன்னு பாத்து நீங்களே மாட்டிவிடுங்க."

சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. யாரோ மேசை விரிப்பைத் தூக்கினார்கள். வினோவின் கால் கட்டைவிரலுக்கு அடியில் விளக்கின் சுவிட்சு!

கபிரியேல் தகட்டைக் கழற்றினார். "ஏட்டி மேரி, நாளைக்கு மருந்தடிக்கணும். புது முகமூடி எங்க கெடைக்கும்?"

ஆனைக்கரைக்காரர்களே, ஒரு ஏலக்காயை முகர்ந்து, நசுக்கி, கடித்துப் பார்க்காமல் தரம் சொல்ல மாட்டீர்கள். கழுத்தில் தொங்குவதற்கு மட்டும் ஏன் ஐயா கண்ணை மூடிக்கொண்டு தலையை நீட்டுகிறீர்கள்?